நவிர மலை நன்னனும் சீனத்து ஷுன் மன்னனும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிப் பேச்சுப் போட்டியில் ‘நவிர மலையின் நாயகன்’ என்னும் தலைப்பில் பேசினேன். நன்னன் எங்கள் ஊர் ஏரியை வெட்டினான் என்றும், எங்கள் ஊர்ப் பாறையின்மேல் நின்று பாணருக்கு யானை வழங்கினான் என்றும் முழங்கினேன். எந்த நூலில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எவர்சில்வர் தம்ளர் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அது இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

வரலாற்று ஆசிரியனாக ஆன பிறகும் அந்தத் தம்ளரின் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை என்பதை ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான். ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, நம்மிடம் முதுகலை பயின்றவன் அவன். ‘எங்கள் மன்னன் நன்னன்’ என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பிட்டு வந்தான். நானே வழிகாட்டி, நானே ஒப்பமும் இட்டேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அவன் ஊருக்கே சென்றிருந்தபோது, ஒரு மாலை அவனுடைய தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “நன்னன் கதை ஏதாவது உங்கள் பக்கம் உண்டா, பெரியவரே?” என்றேன். அவர் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நன்னனா? அது யாரு சார்? நாங்க காஞ்சிபுரத்திலேருந்து வந்தவங்க” என்றார்.

அன்றிரவு மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, அறுபது பக்கம் எழுதிவிட்டேன். எங்கள் தாத்தாவுக்கே தெரியாத மன்னனை எங்கள் மன்னன் என்று எப்படிச் சொல்வது?” என்றான். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு திங்களே இருந்தன. எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விடை கிடைத்த இடம் சற்று வியப்பானது. நான் இளங்கலை வகுப்பில் நடத்தும் கீழை ஆசிய வரலாற்றுப் பாடத்திலிருந்தே அது கிடைத்தது.

சீன நாட்டின் பழமரபில் யாவோ, ஷுன், யூ என்று மூன்று மன்னர்கள் அடுத்தடுத்துப் பேசப்படுவர். இவர்களுள் ஷுன் என்பவன் குடிமகனாகப் பிறந்து மன்னனானவன். கண்ணிழந்த தந்தை, மாற்றாந்தாய், அவள் பெற்ற தம்பி ஆகிய மூவரும் அவனைக் கொல்ல முயன்றனர். களஞ்சியத்தின் கூரைமேல் ஏற்றிவிட்டுக் கீழே தீ வைத்தனர். கிணறு தோண்டச் சொல்லி மேலிருந்து மண்ணைத் தள்ளினர். இரண்டிலும் பிழைத்த ஷுன், பெற்றோரிடம் வைத்த அன்பில் குறையவில்லை. இதைக் கேள்வியுற்ற யாவோ மன்னன் தன் இரு பெண்களையும் அவனுக்கு மணம் செய்வித்து, தன் மகனை விலக்கி அவனுக்கே அரசையும் கொடுத்தான். ஷுன்னும் அவ்வாறே தன் மகனுக்குத் தராமல், வெள்ளத்தை அடக்கிய யூவுக்கு அரசை ஒப்படைத்தான். மரபுக் கணக்குப்படி இவை கிறிஸ்துவுக்கு முன் 2000 ஆண்டுகளுக்கும் அப்பால் நிகழ்ந்தவை.

இன்று சீனப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இத்தகைய தொன்மை மன்னர் ஒருவர் விட்டுச்சென்ற பண்பாட்டை ஆராய்வதற்கென்றே தனி ஆய்வு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒரு மன்னன், அவனுக்கு ஒரு நிறுவனம்! நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். இருந்தானா இல்லையா என்றே உறுதியில்லாத ஒருவனைப் பற்றி ஒரு நிறுவனம் நாள்தோறும் என்னதான் ஆராயும்? நானும் இப்படித்தான் முதலில் எண்ணினேன். பிறகுதான் அதற்குள் ஒரு பெரிய வேலை இருப்பது விளங்கிற்று. மன்னன் கிடைக்காமற் போகலாம். அவனைப் பற்றிய நினைவு கிடைக்கும். அந்த நினைவு எந்த நூற்றாண்டில், யார் கையால், எதற்காக வளர்ந்தது என்பதைத் தேதியிட்டுச் சொல்ல முடியும்.

ஷுன் எங்கே இறந்தான் என்னும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான மென்சியஸ், ஷுன் மிங்தியாவோ என்னுமிடத்தில் இறந்தான் என்கிறார். கி.மு. 100ஐ ஒட்டி வரலாறெழுதிய சிமா சியன் என்னும் பேராசிரியரோ, அவன் தென்னாட்டைச் சுற்றி வருகையில் சாங்வு வெளியில் இறந்து ஜியூயி மலையில் அடக்கம் செய்யப்பட்டான் என்கிறார். வடக்கே ஷான்சி மாநிலத்து யுன்செங்கில் ஒரு ஷுன் சமாதி இருக்கிறது. தெற்கே ஹூனான் மாநிலத்து ஜியூயி மலையில் இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் வழிபாடு உண்டு. ஓர் உடலுக்கு இரண்டு சமாதி.

இங்கேதான் தொல்லியல் துணைக்கு வந்தது. 1973இல் ஹூனான் மாநிலத் தலைநகரான சாங்ஷாவில் மவாங்துய் என்னும் இடத்து மூன்றாம் கல்லறையை அகழ்ந்தபோது, பட்டுத்துணியில் வரைந்த நிலப்படம் ஒன்று கிடைத்தது. கல்லறை கி.மு. 168ஐச் சேர்ந்தது. தெற்குத் திசையை மேலே வைத்து வரைந்த அந்தப் படத்தில் ஜியூயி மலை தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதன் அருகே மன்னன் ஷுன்னின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. இதனால் ஷுன் அங்கே புதைக்கப்பட்டான் என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் சிமா சியன் எழுதுவதற்கு முன்பே, அந்த வட்டாரத்தார் அம்மலையை ஷுன் மலை என்று நம்பியிருந்தனர் என்பது உறுதியாகிவிட்டது. மன்னனுக்குச் சான்று இல்லை; நம்பிக்கைக்குச் சான்று உண்டு. இந்த வேற்றுமையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இந்த வகை ஆராய்ச்சிக்கு வழிவகுத்தவர் கு ஜியேகாங் என்னும் அறிஞர் (1893–1980). 1926இல் அவர் வெளியிட்ட பழவரலாற்று ஆய்வுத் தொகுதி சீன நாட்டையே உலுக்கியது. அவர் கண்டது எளிய உண்மைதான். மிகப் பழைய சீனப் பாடல்களில் யூ மட்டுமே வருகிறான். கன்ஃபூசியஸ் காலத்துக்கு வந்தால் யூவுக்கு முன்னே யாவோவும் ஷுன்னும் வந்து நிற்கின்றனர். இன்னும் சில நூற்றாண்டு கழிந்தால் அவர்களுக்கும் முன்னே மஞ்சள் பேரரசனும் உழவுத் தெய்வமாகிய ஷென்னோங்கும் தோன்றுகின்றனர். அஃதாவது, நூல் பிற்பட்டதாக ஆக ஆக, அது பேசும் மன்னன் முற்பட்டவனாக ஆகிக்கொண்டே போகிறான்! விறகு அடுக்குகையில் பிறகு வந்த கட்டை மேலே போய் உட்காருவதைப் போல. எனவே ஒரு பழங்கதையை எடுத்தால், இது உண்மையா பொய்யா என்று கேட்பதற்கு முன், இது முதன்முதலாக எங்கே எழுதப்பட்டது என்று கேள் என்றார் அவர்.

கு ஜியேகாங்கின் ஐயம் சில இடங்களில் அளவு மீறிப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1928 முதல் அன்யாங்கில் நடந்த அகழாய்வில் கிடைத்த எலும்பெழுத்துகள், சிமா சியன் கொடுத்த ஷாங் மன்னர் வரிசை பெரும்பாலும் சரியானதே என்று மெய்ப்பித்தன. ஆகவே, ஐயுறுவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. ஆனால் அவருடைய கேள்வி பழுதில்லாத கேள்வி. அதை நான் நன்னன்மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

நன்னனின் அடுக்குகள்

மலைபடுகடாம் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு; 583 அடிகள் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்தது. பாட்டின் அடிகளுக்குள்ளேயே கிடைப்பவை மூன்று: நன்னன் சேய் நன்னன் என்னும் பெயர், நவிரம் என்னும் மலை, சேயாறு என்னும் ஆறு. இதுவே அடி அடுக்கு.

பல்குன்றக் கோட்டம், செங்கண்மா என்னும் நாட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் பாட்டின் இறுதியில் உள்ள குறிப்பில் வருகின்றன. இத்தகைய குறிப்புகள் பாட்டைத் தொகுத்தவர் கையால் சேர்ந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. ‘கோட்டம்’ என்னும் நாட்டுப் பிரிவு பல்லவ, சோழர் கல்வெட்டுகளில் பெருவழக்காக உள்ளது. எனவே இஃது இரண்டாம் அடுக்கு. பொய்யென்று நான் சொல்லவில்லை, பிற்பட்டது என்கிறேன்.

மூன்றாம் அடுக்கு சுவையானது. இடைக்காலத்து இலக்கணப் புலவர் சிலர் பாட்டில் ஒரு குற்றம் கண்டனர். காந்தட்பூவுக்குத் தீயை உவமையாகச் சொன்ன ஓரிடத்தில் சொற்கள் சேர்ந்த முறை நன்னனுக்குத் தீங்கு விளைப்பது என்றும், அஃது ஆனந்தக் குற்றம் என்றும் கூறினர். பின்னாளில் இது வளர்ந்து, அந்தச் சொல்லாலேயே நன்னன் இறந்தான் என்னும் கதையாயிற்று. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இக்குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு மறுக்கிறார். பழைய இலக்கணத்தில் இல்லாத குற்றத்தைப் பழைய பாட்டின்மேல் ஏற்றலாகாது என்பது அவர் மறுப்பின் சாரம். கு ஜியேகாங்குக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் உரைகாரர் ‘இது எப்போது வந்த கருத்து?’ என்று கேட்டிருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். அதன் பிறகே செங்கண்மா என்பது இன்றைய செங்கம், சேயாறு என்பது ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடும் செய்யாறு, நவிரம் என்பது பருவதமலை என்னும் செய்திகள் பரவி, பள்ளிப் பாடநூல் வரை வந்தன. ஆற்றைப் பற்றியும் ஊரைப் பற்றியும் எனக்கு ஐயமில்லை. பருவதமலையையும் பெரும்பாலோர் ஏற்கின்றனர். ஆனால் இந்த நான்காம் அடுக்குக்கும் மேலே ஐந்தாவதாக ஒன்று உண்டு. எங்கள் ஊர் ஏரியும் பாறையும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. அதை அடுக்கியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு குழப்பத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நன்னன் என்னும் பெயருடையோர் பலர். பரணர் பாடிய குறுந்தொகை 292ஆம் பாட்டில் வரும் நன்னன், தன் காவல் மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வர, அதை எடுத்துத் தின்ற பெண்ணைக் கொன்றவன். எண்பத்தொரு யானையும், அவள் எடைக்கு எடை பொற்பாவையும் கொடுப்பதாகச் சொல்லியும் அவன் இசையவில்லை. அந்தப் பழி அவன் மரபையே தொடர்ந்தது. புறநானூறு 151இல் பெருந்தலைச் சாத்தனார், அந்த மரபினன் என்பதற்காகவே இளவிச்சிக்கோவைத் தழுவ மறுக்கிறார். ஏழில்மலையும் பாழியும் கொண்ட மேற்குக் கடற்கரையோடு தொடர்புடைய நன்னனைச் சேரன் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் வென்றான். இவர்களெல்லாம் செங்கத்து நன்னன் அல்லர். ஆனால் பல ஆண்டுகள் நான் வகுப்பில், பெண்கொலை புரிந்தவனும் கூத்தரைப் புரந்தவனும் ஒருவனே என்று கூறி, ‘மனித மனத்தின் இருமுகங்கள்’ என்று விரிவுரை ஆற்றியிருக்கிறேன். மாணவர்கள் ஆர்வத்தோடு குறிப்பெடுத்தார்கள். அக்குறிப்பேடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நிலம் சொல்வது

பாட்டை விட்டுவிட்டு மண்ணைப் பார்ப்போம். மலையின் மேற்குப் புறத்தில் திருப்பத்தூருக்கு அண்மையிலுள்ள பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து, புதிய கற்கால மக்களும் இரும்புக்கால மக்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததைக் கண்டது. மலைமேலே பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகள் உள்ளன. மலைமக்கள் அவற்றைக் குள்ளர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் சொல்வர். குள்ள மனிதர் வாழ்ந்த வீடுகள் என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தோர் நினைவாக எழுப்பியவை என்பது தொல்லியலார் முடிவு.

செங்கம் வட்டாரத்து ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மலை, ஆறு ஆகிய சின்னங்களும், பழந்தமிழ் எழுத்தில் சேந்தன் என்னும் பெயரும் உள்ளன. மலையும் ஆறும் உடைய நிலத்தில் மலையையும் ஆற்றையும் பொறித்துக் காசு வெளியிட்ட ஒரு தலைவன் இருந்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் பெயர் நன்னன் இல்லையே! இவன் நன்னன் குடியைச் சேர்ந்தவனாகலாம் என்று கூற நாக்கு துடிக்கும். துடிப்பதை அடக்க வேண்டும்.

பக்கத்து நாட்டு அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அந்தப் பேறு வாய்த்தது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழகத் தொல்லியல் துறையினர் கண்ட பழந்தமிழ்க் கல்வெட்டு, சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறையுள் என்று பெயரைச் சொல்லியே கூறுகிறது. அவ்வையார் பாடிய தலைவன் ஒரே நாளில் பாட்டிலிருந்து வரலாற்றுக்குள் நடந்து வந்துவிட்டான். நன்னனுக்கு அவன் காலத்து எழுத்துச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. சீனத்திலும் இதே நிலைதான். 1978 முதல் ஷான்சி மாநிலத்து தாவோசியில் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மதிற்சுவர் நகரம் ஒன்றை அகழ்ந்தனர். யாவோ மன்னனின் தலைநகர் இதுவே என்று பலர் எழுதுகின்றனர். நகரம் இருக்கிறது, ஐயத்துக்கு இடமின்றிப் பெயரைச் சொல்லும் எழுத்து இல்லை. பெயரில்லாத நகரமும் நகரமில்லாத பெயரும் அருகருகே நின்றால், இரண்டையும் மணம் முடித்து வைக்க எல்லோருக்கும் ஆசை வருகிறது. இந்த ஆசையை நெறிப்படுத்துவதே ஆய்வு நிறுவனத்தின் முதல் வேலை என்பது என் எண்ணம். விழா எடுப்பது, சிலை வைப்பது, சுற்றுலாப் பேருந்து விடுவது ஆகியவற்றைப் பிறர் பார்த்துக்கொள்வர்.

நன்னனுக்கென்று அப்படி ஒரு நிறுவனக் கூரை அமையவில்லை. அவனைப் பற்றிய ஆய்வு உரையாசிரியர், பதிப்பாசிரியர், கல்வெட்டறிஞர், காசறிஞர் எனப் பல கைகளில் சிதறி நடந்திருக்கிறது. அவற்றுள் மிகச் சிறந்த வேலை என நான் கருதுவது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய நடுகல் தேடல். துறையின் இயக்குநர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் அவை. பல்லவ மன்னர் ஆட்சியாண்டு முதலே எழுத்தோடு கிடைத்தவை.

இங்கே பாட்டும் கல்லும் மெய்யாகவே கைகோக்கும் ஓர் இடம் வருகிறது. மலைபடுகடாத்தில் வழி சொல்லும் கூத்தன், புறங்கொடாது போரிட்டு இறந்த மறவரின் பெயரைப் பொறித்து நட்ட கற்கள் வழி பிரியும் இடங்களில் மிகுதியாக இருக்கும் என்கிறான். அவற்றை யாழிசைத்து வணங்கிவிட்டுச் செல்லுங்கள் என்கிறான். பாட்டில் சொன்ன அதே வழக்கம், அதே செங்கம் வட்டாரத்தில், பல நூற்றாண்டு கழித்தும் கல்லாக நிற்கிறது! எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திர பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7ஆம் நூற்றாண்டில், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு நட்டது. பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தே சொல்கிறது. மன்னர் பலரின் பெயரை மறந்துவிட்ட மண், ஒரு நாயின் பெயரை 1400 ஆண்டுகளாக வைத்திருக்கிறது.

நாய் என்றதும் என் உள்ளம் மறுபடியும் தாவியது. அன்று தாத்தா சொன்ன கதையில் நாய்கள் உண்டு. அதே கதை 19ஆம் நூற்றாண்டில் காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் தர்ஸ்டன் எழுதிய குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இடம்பெற்றது. கங்குந்தி வேடர் சிலர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களை உடன்கொண்டு போயினர். நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்கு இறுதிக் கடன் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினர். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடரை வென்று வீடு திரும்பினால், கடன் முடிந்து மனைவியர் கைம்மைக் கோலத்தில் இருந்தனர். உயிரோடு இருந்தும் இறந்தவராகிவிட்ட அந்த எழுவர், வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தனராம்.

நூல் இதற்குச் சக ஆண்டு 1055 என்று தேதியும் கொடுக்கிறது. வாய்மொழிக் கதைக்கு இத்தனை துல்லியமான தேதி பொருந்தவில்லை. அதுவும் யாரோ பிறகு வைத்த ஓர் அடுக்காகவே எனக்குப் படுகிறது. ஆனால் கதையின் நெஞ்சில் இருப்பது வெறும் பெருமை அன்று. திரும்பி வந்தும் வீட்டுக்குள் நுழைய முடியாதவரின் துயரம் அது. அந்தத் துயரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருக்கும் மக்களிடம் போய், ‘அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் மன்னன் நன்னன்’ என்று சொல்ல நாம் யார்? கோவிவன் என்னும் நாயையும் அந்த ஏழு நாய்களையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஓர் இரவு முழுவதும் எண்ணியிருந்துவிட்டு, விடிந்ததும் கைவிட்டேன்.

முடிச்சு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைபடுகடாத்துக் கூத்தன், வழி பிரியும் இடத்தில் பின்னால் வருவோர் அறியப் புல்லை முடிந்து வையுங்கள் என்று அறிவுரை கூறுகிறான். முகாமின் மூன்றாம் நாள் கற்திட்டை பார்க்கப் போனபோது, முன்னே சென்ற மலைச் சிறுவன் ஒருவன் ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் குனிந்து புல்லை முடிச்சிட்டான். என் மெய் சிலிர்த்தது. இரண்டாயிரம் ஆண்டு மரபு என் கண்முன்! ஓடிப்போய், “தம்பி, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்? தாத்தாவா?” என்றேன். “சாரணர் முகாமில் சொல்லிக்கொடுத்தாங்க சார்” என்றான். உடன் வந்த மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சற்றுத் தாமதமாகத்தான்.

மாணவனின் ஆய்வேட்டுக்கு வருகிறேன். தலைப்பை மாற்றினோம்: ‘ஜவ்வாது மலையும் நன்னன் நினைவும்.’ அறுபது பக்கத்தில் நாற்பது போயிற்று. அவன் வருந்தினான், நானும் அவனை நேரே பார்க்க முடியாமல் இருந்தேன், ஏனெனில் அந்த நாற்பதுக்கும் ஒப்பமிட்டவன் நான். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, முதலில் எங்கே வருகிறது, யார் சொல்கிறார், எந்த நூற்றாண்டு என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பத் தொடங்கினான். குள்ளர் வீட்டுக்கு எதிரே நூற்றாண்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டான். தாத்தாவின் கதையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டான். நூலில் இல்லாத ஊர்ப் பெயர்கள் நான்கைந்து அதில் வந்தன; அவை எனக்கும் புதியவை.

மலைபடுகடாத்தில் மலையின் ஓசைகளைச் சொல்லும் பகுதியை அவன் ஒரு நாள் தாத்தாவுக்குப் பேச்சு நடையில் படித்துக் காட்டினானாம். அருவி விழும் ஓசை, யானையை விரட்டக் கவண்கல் எறியும் ஓசை, தினை குற்றும் பெண்கள் பாடும் ஓசை எல்லாவற்றையும் பெரியவர் தலையசைத்துக் கேட்டிருக்கிறார். வழியில் கல் நிற்கும் என்ற இடம் வந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னாராம். “நம்ம புளியமரத்துக் கிட்ட, வழி ரெண்டா போற எடத்துல ஒண்ணு சாஞ்சு கெடக்குமே, அது மாதிரியா?” என்று கேட்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து முதல் பேருந்தில் ஏறினேன். ஜமுனாமரத்தூரில் மாணவன் காத்திருந்தான். பெரியவர் முன்னே நடக்க, புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கல் பாதி மண்ணுக்குள் இருந்தது. சுற்றிலும் மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்தோம். வில் பிடித்த கை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. எழுத்து ஏதும் தென்படவில்லை. மாணவன் நாடாவை விரித்து உயரமும் அகலமும் அளந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு கற்பூரத் துண்டை எடுத்து அதன் எதிரே ஏற்றிவிட்டு, “வாங்க சார், சாப்பிட்டுட்டுப் போவீங்க” என்றார்.